ஒரே பெயர், மூன்று போன்கள், மூன்று இயங்குதளங்கள்

என் மேசை இழுப்பறையில் மூன்று பழைய போன்கள் கிடக்கின்றன. மூன்றிலும் நோக்கியா என்றுதான் எழுதியிருக்கிறது. முதலாவது என்900, மேமோ 5-இல் ஓடுவது. இரண்டாவது என்9, மீகோ. மூன்றாவது லூமியா 520, விண்டோஸ் போன் 8. 2010 தொடங்கி ஏறக்குறைய எட்டு வருடம் இந்த மூன்றோடுதான் காலம் தள்ளினேன். ஒன்றின் செயலி இன்னொன்றில் ஓடாது. ஒன்றில் விரலுக்குப் பழகிய பழக்கம்கூட அடுத்ததில் செல்லாது.

இந்த இயங்குதளங்களின் கதையை எல்லாரும் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்: "ஆப் இல்லை, அதனால் போய்விட்டது." இறப்புச் சான்றிதழில் 'இதயம் நின்றது' என்று எழுதுவது மாதிரிதான் இது. சரி, ஏன் நின்றது? என் அனுபவத்தில் பதில் வேறு. இருக்கிற வீட்டைப் பூட்டிவிட்டுப் புது வீட்டுக்கு வா என்று ஒரு தடவை கூப்பிட்டால் வரலாம். மூன்று தடவை, நான்கு தடவை கூப்பிட்டால்? அதுவும் ஒவ்வொரு முறையும் பாத்திரம் பண்டத்தைப் பழைய வீட்டிலேயே விட்டுவிட்டு வா என்றால்?

முதலில் என்900. 2009 நவம்பரில் வெளியானது. தடிமன், கனம், பக்கவாட்டில் இழுத்தால் வெளியே வரும் விசைப்பலகை. தொடுதிரை அழுத்தத்தில் வேலை செய்யும் பழைய வகை என்பதால் விரல் நுனியைவிட நகத்துக்குத்தான் நன்றாகக் கட்டுப்படும். 256 எம்பி ரேம். ஆனால் உள்ளே இருந்தது, கணினிகளில் ஓடும் டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்ட முழு லினக்ஸ். டெர்மினல் என்ற கட்டளைத் திரையைத் திறந்து ஆப்ட்-கெட் என்று அடித்து மென்பொருள் நிறுவலாம். திறந்திருக்கும் செயலிகள் எல்லாம் குட்டிக் குட்டிச் சன்னல்களாகத் திரையில் பரவி நிற்கும். அந்தக் குட்டிச் சன்னலுக்குள் வீடியோ ஓடிக்கொண்டே இருக்கும். அந்தக் காலத்து ஐபோனில் இரண்டு வெளிச் செயலிகளை ஒரே நேரத்தில் திறந்து வைக்கவே முடியாது.

சாமானியருக்கான போனா என்றால், இல்லை. யாரிடமாவது கையில் கொடுத்தால் இரண்டு நிமிடத்தில் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் அதற்கென்று நிரல் எழுத ஒரு கூட்டம் சேர்ந்திருந்தது, சம்பளம் வாங்காமல். எந்த நிறுவனத்துக்கும் எளிதில் வாய்க்காத சொத்து அது. 2010 பிப்ரவரியில் நோக்கியா என்ன செய்தது? இன்டெலோடு சேர்ந்து மேமோவை மீகோ ஆக்கப்போவதாக அறிவித்தது. திரைப் பகுதிகளை உருவாக்கும் நூலகம் ஜிடிகே-யிலிருந்து க்யூடி-க்கு மாறியது. என்900-க்கு அதிகாரபூர்வமாக மீகோ வரவில்லை. அதாவது போன் வந்து மூன்றே மாதத்தில் அதன் இயங்குதளம் பழசாகிவிட்டது.

இதையும் பொறுத்துக்கொண்டு என்9-க்குப் போனேன். அதற்கு நான் வருத்தப்படவே இல்லை. இன்றுவரை கையில் வைத்திருந்த போன்களில் அழகானது எது என்று கேட்டால் யோசிக்காமல் அதைத்தான் சொல்வேன். உடல் முழுக்க ஒரே வார்ப்பு பாலிகார்பனேட். திரைக் கண்ணாடி ஓரத்தில் லேசாக வளைந்து உடலோடு சேரும். முகப்பில் ஒரு பொத்தான்கூடக் கிடையாது. எந்தச் செயலியில் இருந்தாலும் ஓரத்திலிருந்து உள்நோக்கி ஒரு தேய்ப்பு, முகப்புக்கு வந்துவிடலாம். முகப்பு மூன்று பக்கம்: செயலிகள் ஒன்று, திறந்திருப்பவை ஒன்று, வந்த செய்திகள் ஒன்று. கண்ணை மூடிக்கொண்டு போகலாம். போன் சும்மா கிடக்கும்போது கருப்புத் திரையில் மணி மட்டும் மங்கலாகத் தெரியும். இரண்டு தட்டு தட்டினால் விழித்துக்கொள்ளும். பேருந்தில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையின் கட்டைவிரலாலேயே எல்லாவற்றையும் முடித்திருக்கிறேன். ஐபோன் தன் முகப்புப் பொத்தானைத் தூக்கிவிட்டு விரல் தேய்ப்புக்கு வந்தது 2017-இல். என்9 அறிமுகமானது 2011 ஜூனில்.

அறிமுகமாகும்போதே அதன் கதை முடிந்திருந்தது என்பதுதான் கொடுமை. அதற்கு நான்கு மாதம் முன்பே, 2011 பிப்ரவரி 11 அன்று, இனி எங்கள் முதன்மை இயங்குதளம் மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் போன்தான் என்று நோக்கியாவின் தலைமைச் செயல் அதிகாரி ஸ்டீபன் ஈலாப் அறிவித்துவிட்டார். அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி ஆகிய பெரிய சந்தைகளில் என்9-ஐ நிறுவனமே விற்பனைக்கு விடவில்லை. அதே உடலைக் கொஞ்சம் மாற்றி லூமியா 800 என்று விண்டோஸைப் போட்டு அதே வருடக் கடைசியில் விற்றார்கள். இடைப்பட்ட மாதங்களில் கடையில் இருந்தவை பெரும்பாலும் நோக்கியாவின் பழைய இயங்குதளமான சிம்பியனில் ஓடும் போன்கள். 'இது போகப்போகிறது' என்று செய்தவனே சொன்ன பிறகு எவன் வாங்குவான்? விற்பனை சரிந்தது. 1983-இல் ஆஸ்போர்ன் கம்ப்யூட்டர் நிறுவனத்தின் வீழ்ச்சிக்கும் இதே காரணத்தைத்தான் சொல்வார்கள்: அடுத்த மாடலைப் பற்றி முன்கூட்டியே வாயைத் திறந்தது. அதற்கு ஆஸ்போர்ன் விளைவு என்றே பெயர். இருபத்தெட்டு வருடம் கழித்தும் அந்தப் பாடத்தை யாரும் படிக்கவில்லை.

மூன்றாவது லூமியா 520. வெறும் 512 எம்பி ரேம், பிளாஷ் இல்லாத 5 மெகாபிக்சல் கேமரா, முன்பக்கக் கேமரா இல்லை. இவ்வளவு எளிய போனில் திரை வெண்ணெயாக நகர்ந்தது. அதே காலத்தில் அதே அளவு ரேமோடு வந்த ஆண்ட்ராய்டு போன்கள் திக்கித் திணறியதைப் பக்கத்தில் வைத்தே பார்த்திருக்கிறேன். செயலிப் பட்டியலில் ஓர் எழுத்தைத் தட்டினால் எழுத்துக் கட்டம் முழுத்திரையில் விரியும். வேண்டியதைத் தொட்டால் அங்கே குதிக்கும். பூட்டிய நிலையிலும் கேமரா பொத்தானை அழுத்திப் பிடித்தால் நேராகக் கேமரா. லைவ் டைல்ஸ், அதாவது முகப்பில் தகவல் தானாக மாறிக்கொண்டே இருக்கும் கட்டங்கள் பற்றிக் கேலி பேசியவர்கள் உண்டு. எனக்கு அது பிடித்தே இருந்தது. செயலியைத் திறக்காமலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

குறை இல்லாமலா? பின்னணியில் இருந்த செயலிக்குத் திரும்பினால் பல சமயம் 'மீண்டும் தொடங்குகிறது' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து புள்ளிகள் ஓடும். மணியோசைக்கும் பாட்டுக்கும் ஒரே ஒலியளவு. அறிவிப்புகளைச் சேர்த்துக் காட்ட ஓர் இடம் இல்லை. இவை எல்லாம் 2014-இல் 8.1 வந்தபோதுதான் ஓரளவு சரியாயின.

ஆனால் உண்மையான பிரச்சினை இவற்றில் இல்லை. மைக்ரோசாஃப்ட் செய்தவற்றின் வரிசையைப் பாருங்கள். 2010 அக்டோபரில் விண்டோஸ் போன் 7 வந்தபோது பழைய விண்டோஸ் மொபைல் செயலிகள் ஒன்றுகூட அதில் ஓடவில்லை. எழுத்தை நகலெடுத்து ஒட்டும் வசதியே 2011 மார்ச்சில்தான் சேர்ந்தது. தூக்கிப்போட்ட பழைய இயங்குதளத்தில் அது இருந்தது! 2012 ஜூனில் விண்டோஸ் போன் 8 அறிவிப்பு. 7-இல் இருந்தவர்களுக்கு 8 கிடையாது, 7.8 என்று ஓர் ஆறுதல் பரிசு. 7-இல் ஓடிய லூமியா 900 அமெரிக்காவில் விற்பனைக்கு வந்து அப்போது இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. பிறகு விண்டோஸ் 10 மொபைல். அதிகம் விற்ற லூமியா 520 அந்த மேம்பாட்டுப் பட்டியலில் இல்லை. 8-இல் உள்ளே சிறு கருவிகளுக்கான விண்டோஸ் சிஇ-யை விட்டு, கணினி விண்டோஸின் மையப் பகுதியான என்டி கர்னலுக்கு மாறியதற்குத் தொழில்நுட்பக் காரணம் இருந்தது, மறுக்கவில்லை. பழைய அடித்தளத்தில் பல கருக்கள் (கோர்) கொண்ட சிப்புகளைப் பயன்படுத்த முடியாது. ஆனால் அந்த மாற்றத்தை 2010-லேயே செய்திருந்தால் ஒரு தடவையோடு வலி முடிந்திருக்கும்.

கூடவே இன்னொன்று: ஆண்ட்ராய்டை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம் என்றிருந்தபோது, விண்டோஸ் போனுக்குத் தயாரிப்பாளர்கள் உரிமக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. 2014 ஏப்ரலில்தான் மைக்ரோசாஃப்ட்காரர்கள் அதை நீக்கினார்கள். அதே மாதம் நோக்கியாவின் போன் தொழிலை வாங்கி முடித்தார்கள். 2015 ஜூலையில் அதற்காக 760 கோடி டாலரை நஷ்டக் கணக்கில் எழுதினார்கள்.

பழசை விடாமல் பிடித்துக்கொண்டால் மட்டும் பிழைத்துவிடலாமா என்றால், அதற்கு ஐபிஎம்மின் ஓஎஸ்/2 என்ற கணினி இயங்குதளம் இருக்கிறது. 1992-இல் வந்த 2.0 பதிப்பு 32 பிட். டாஸ் நிரல்களும் விண்டோஸ் நிரல்களும் அதிலேயே ஓடும். விண்டோஸைவிட நல்ல விண்டோஸ் என்றே விளம்பரம் செய்தார்கள். நிரலாளர்கள் கணக்குப் போட்டார்கள்: விண்டோஸுக்கு எழுதினால் இரண்டிலும் ஓடும்போது, ஓஎஸ்/2-க்கென்று தனியாக எதற்கு? 2013-இல் பிளாக்பெர்ரி 10 ஆண்ட்ராய்டு செயலிகளை ஓட்டிக்காட்டியபோதும் இதே கணக்குதான். நோக்கியாவும் மைக்ரோசாஃப்டும் தங்கள் பழைய ஆட்களைக் கைவிட்டார்கள். ஐபிஎம்மும் பிளாக்பெர்ரியும் எதிராளியின் ஆட்களுக்கு விருந்து வைத்தார்கள். இரண்டிலும் தன் வீட்டில் ஆள் தங்கவில்லை.

ஆப்பிள் 2001-இல் மேக் இயங்குதளத்தை அடியோடு மாற்றியபோது, பழைய நிரல்கள் ஓட கிளாசிக் என்ற ஏற்பாட்டைச் சில வருடம் கூடவே வைத்திருந்தது. 2006-இல் இன்டெல் சிப்புக்கு மாறியபோது அதே வேலைக்கு ரொசெட்டா. புது வீட்டுக்கு வந்த பிறகும் பழைய வீட்டுச் சாவி கொஞ்ச காலம் கையில் இருந்தது.

ஹெச்பியின் வெப்ஓஎஸ் என்ற இயங்குதளம் பற்றிப் பேச எனக்கு உரிமை இல்லை, நான் பயன்படுத்தியதில்லை. ஆனாலும் ஒரு கணக்கு மட்டும்: 120 கோடி டாலர் கொடுத்து, அதை உருவாக்கிய பாம் நிறுவனத்தை வாங்கினார்கள்; அதில் ஓடும் டச்பேட் என்ற டேப்லெட் கடைக்கு வந்தது 2011 ஜூலை 1, கைகழுவியது ஆகஸ்ட் 18. நாற்பத்தெட்டு நாள் கழித்து.

நான் விண்டோஸ் போனை விட்டது 2018-இல். விருப்பத்தோடு அல்ல. என் வங்கியின் செயலி ஒரு நாள் 'இந்தக் கருவிக்கு ஆதரவு இல்லை' என்றது. அடுத்து தினமும் பயன்படுத்திய ஒரு டாக்சி செயலி. அதற்கப்புறம் இரண்டு போனைச் சுமந்து திரிய அலுத்துவிட்டது.

இப்போது பழைய சந்தையில் இவற்றை வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: தினசரிப் பயன்பாட்டுக்கு வேண்டாம். என்9-இன் உலாவியில் இன்றைய தளங்கள் பெரும்பாலும் திறப்பதில்லை. பாட்டுக் கேட்க, அலாரம் வைக்க அருமை. லூமியா 520 ஏற்கனவே வைத்திருந்தால் அதை ரீசெட் மட்டும் செய்துவிடாதீர்கள். 8.1-க்கான செயலிக் கடையை 2019 டிசம்பரில் மூடிவிட்டார்கள், அழித்த செயலி திரும்பி வராது.

பேட்டரி பற்றியும் சொல்ல வேண்டும். என்9-இல் நாமே கழற்ற முடியாது. 520-இன் பேட்டரி போன மாதம் உயிரை விட்டது. புதிது தேடலாம் என்று அதன் மேல் எழுதியிருந்ததைப் படித்தேன்: பிஎல்-5ஜே. எங்கோ பார்த்த பெயர். இழுப்பறையிலிருந்து என்900-ஐ எடுத்து முதுகைத் திறந்தேன். அதிலும் பிஎல்-5ஜே. எடுத்து இதில் போட்டேன். கச்சிதமாகப் பொருந்தியது.