நாடி மையத்தின் புயல் பருவ முன்னோட்டம்: எண்ணிக்கையை விடுங்கள், வரைபடத்தைப் பாருங்கள்

தென்பசிபிக்கில் புயல் பருவம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. அதற்கு முன்பே, அக்டோபரில், ஃபிஜி வானிலைச் சேவை நாடி நகரில் நடத்தும் புயல் மையம் பருவ முன்னோட்டத்தை இலவசமாக வெளியிடுகிறது. நிலநடுக்கோட்டிலிருந்து 25 பாகை தெற்கு வரையும், 160 பாகை கிழக்கிலிருந்து 120 பாகை மேற்கு வரையும் இதன் எல்லை. வனுவாட்டு, ஃபிஜி, டோங்கா, சமோவா, குக் தீவுகள் எல்லாம் இதற்குள் வருகின்றன.

"இந்தப் பருவத்தில் இத்தனை புயல்கள்" என்ற வரிதான் செய்திகளில் அடிபடும். இந்த அறிக்கையில் மிகக் குறைவாகப் பயன்படுவதும் அதுதான். இந்தப் பரந்த கடலில் பருவத்துக்குச் சராசரியாக ஏழு புயல்கள் உருவாகின்றன. ஐந்து வந்தாலும் ஒன்பது வந்தாலும், ஒரு தீவை அழிக்க ஒன்று போதும். 2016 பிப்ரவரி 20 அன்று ஃபிஜியைத் தாக்கிய வின்ஸ்டன் புயல் மணிக்கு 280 கி.மீ. காற்றுடன் வந்து 44 உயிர்களைப் பறித்தது. டோங்கா வரை போன அந்தப் புயல் மேற்கே திரும்பி வந்து ஃபிஜியை அடித்தது. அப்படி ஒரு திருப்பத்தை எந்தப் பருவ முன்னோட்டமும் சொல்ல முடியாது.

உண்மையான மதிப்பு, எந்தப் பக்கம் ஆபத்து கூடுகிறது என்று காட்டும் வரைபடத்தில் இருக்கிறது. பசிபிக்கின் நடு, கிழக்குப் பகுதிகள் வழக்கத்தைவிடச் சூடேறும் எல் நினோவில் வெதுவெதுப்பான கடல்நீர் கிழக்கே பரவுகிறது, மேகக் கூட்டங்கள் குவியும் பட்டையும் வடகிழக்கே நகர்கிறது. புயல்கள் பிறக்கும் இடமும் கூடவே நகர்வதால் சமோவா, குக் தீவுகள், பிரெஞ்சு பொலினீசியா கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அதற்கு நேர்மாறான லா நினாவில் ஆபத்து பவளக் கடல், நியூ கலிடோனியா, வனுவாட்டு பக்கம் சாயும். நடுவில் கிடக்கும் ஃபிஜிக்கு இரண்டிலும் விடுதலை இல்லை: வின்ஸ்டன் வந்தது வலுவான எல் நினோவில், 2020 டிசம்பரில் யாசா வந்தது லா நினாவில்.

நிகழ்தகவைப் படிப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். புயல் எண்ணிக்கை சராசரிக்குக் கீழ், சராசரியை ஒட்டி, சராசரிக்கு மேல் என மூன்று பங்கு. எந்தச் சாய்வும் இல்லாவிட்டால் ஒவ்வொன்றும் 33%. "கீழ்" 45% என்றிருந்தால், மீதி 55% அதற்கு வெளியே நிற்கிறது. அந்த 45%-ஐ நம்பிக் கூரை வேலையைத் தள்ளிப்போடக் கூடாது.

குறைகளும் உண்டு. 30 முதல் 60 நாள் இடைவெளியில் பசிபிக்கைக் கடக்கும் மழை அலைகள் புயல்களைக் கொத்தாகக் கிளப்பக்கூடியவை. அவற்றைப் பல மாதம் முன்பே கணிக்க வழியில்லை. 2023 மார்ச்சில் ஜூடியும் கெவினும் இரண்டே நாள் இடைவெளியில் வனுவாட்டுவை அடித்தன. அதே ஆண்டு அக்டோபரில், பருவம் தொடங்கும் முன்பே, லோலா உச்ச வகையான ஐந்தாம் வகைக்கு வலுத்தது. நவம்பர் 1 என்பது ஒரு நாட்காட்டிக் கோடுதான்.

புயல் எண்ணிக்கை வெள்ளத்தையும் சொல்லாது. 2012 ஜனவரியிலும் மார்ச் இறுதியிலும் நாடி நகரம் மூழ்கியது. மழையைக் கொட்டியவை, அப்போது புயலாகிப் பெயர் பெறாத வெறும் தாழ்வு மண்டலங்கள். ஆகவே இதே சேவை தரும் மூன்று மாத மழை முன்னோட்டத்தையும் சேர்த்துப் படியுங்கள். தமிழ் வழிவந்த குடும்பங்களும் உழைக்கும் ஃபிஜியின் கரும்பு வட்டாரங்களுக்கு அது புயல் பக்கத்தைவிட முக்கியம்: 1997-98 எல் நினோ வறட்சியில் கரும்பு கடுமையாக அடிபட்டது.

நியூசிலாந்தின் நிவா ஆய்வு நிறுவனம் தயாரித்துவந்த முன்னோட்டம் நாடு நாடாக அட்டவணை தருவதால் துணைக்கு நல்லது. ஆனால் அதன் எல்லை 135 பாகை கிழக்கிலிருந்தே தொடங்குகிறது, சராசரியும் பத்தை ஒட்டியிருக்கிறது. இரண்டு எண்களையும் ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம்.

அறிக்கை வந்த வாரமே வேலையைத் தொடங்கலாம். தகரக் கூரையில் காற்றின் உறிஞ்சுவிசை இறவாரத்திலும் முகட்டிலும்தான் அதிகம். அங்கே துருப்பிடித்த ஆணிகளைப் பிடுங்கி வாஷர் போட்ட ஸ்க்ரூ முடுக்குங்கள். வீட்டின் மேல் சாயும் கிளைகளை வெட்டி, தண்ணீர்த் தொட்டியைக் கழுவி வையுங்கள். மரவள்ளியின் தலைப்பகுதியை மட்டும் புயல் எச்சரிக்கை வந்தபின் வெட்டினால் போதும். காற்று செடியை அசைத்துக் கிழங்கைப் பெயர்ப்பது குறையும்.

பருவம் தொடங்கியபின் இந்த அறிக்கையை ஓரமாக வைத்துவிட்டு, நாடி மையத்தின் அன்றாட வானிலை அறிக்கையைப் பின்பற்றுங்கள்.