பில் பிரிண்டரில் தமிழ்: இரண்டரை வருஷத்துக்குப் பிறகு

"58 மி.மீ. அகலத் தாள் போடும் பில் பிரிண்டர் விலை இறங்கியிருக்கே, வாங்கிடலாமா?" என்று நேற்று நண்பர் கேட்டார். போன வாரம்தான் என்னுடையதற்கு அடாப்டர் போய், புதுசு மாற்றினேன். அந்தக் கடுப்பு இன்னும் ஆறவில்லை, அதையும் மனதில் வைத்துப் படியுங்கள்.

அக்காவின் மளிகைக் கடைக்கு வாங்கியது. பில் தமிழில் வரணும் என்பது மட்டும்தான் அக்கா கேட்டது. ஆனால் பிரிண்டருக்குள் தமிழ் எழுத்தே கிடையாது. யூனிகோடில் ‘அ’ என்று அனுப்பினால் 224, 174, 133 என்று மூன்று பைட்டாகப் போய், சீன எழுத்தாக வந்து விழும். வரியைக் கம்ப்யூட்டரிலேயே படமாக்கி, புள்ளி புள்ளியாக அனுப்பினால்தான் தமிழ் வரும்.

தாளில் புள்ளி வைக்கும் ஹெட்டில் ஒரு வரிசைக்கு 384 புள்ளி, மில்லிமீட்டருக்கு 8. எட்டுப் புள்ளி ஒரு பைட், ஆக வரிசைக்கு 48 பைட். 29, 118, 48, 0 என்று அனுப்பினால் படம் வருகிறது என்று பிரிண்டர் புரிந்துகொள்ளும். அடுத்து அகலம் 48, 0. பிறகு உயரத்துக்கு இரண்டு பைட், அதன்பின் புள்ளிகள். "துவரம் பருப்பு" என்று முதல் தடவை கறுப்பாக வெளியே வந்த அந்தத் துண்டுத் தாளை அக்கா இன்னும் கல்லாவில் வைத்திருக்கிறாள், மங்கிப்போய்.

ஆரம்பத்தில் படம் பாதியில் எட்டுப் புள்ளி வலப்பக்கம் நகர்ந்து நகர்ந்து விழுந்தது. பிரிண்டரைத் திட்டிக்கொண்டே இரண்டு ராத்திரி போனது. கடைசியில் பார்த்தால் தப்பு என் புரோகிராமில்: புள்ளிகளுக்கு நடுவே 10 என்ற பைட் வரும்போதெல்லாம், அதை வரிமுடிவு என்று எடுத்துக்கொண்டு விண்டோஸ் முன்னால் ஒரு 13 சேர்த்திருக்கிறது. ஃபைலை பைனரியாக, அதாவது எந்த பைட்டையும் மாற்றாத முறையில், திறந்ததும் சரியாகிவிட்டது.

எழுத்து 24 புள்ளி உயரம், அதாவது 3 மி.மீ. அந்த அளவில் மெய்யெழுத்தின் மேல்புள்ளி ஒன்றிரண்டு புள்ளியாகச் சுருங்கி, தாளில் பதியாமலே போகும். "உப்பு" "உபபு" ஆனது. பெரியவர் ஒருத்தர் பில்லைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்து, "ஏம்மா, புள்ளியெல்லாம் எங்க போச்சு?" என்று அக்காவைக் கேட்டார். அன்றே உட்கார்ந்து, அதிகம் விற்கும் 60 பொருள்களின் பெயரையும் திரையில் பெரிதாக்கி, ஒவ்வொரு மேல்புள்ளியையும் 3-க்கு 3, ஒன்பது புள்ளியாகக் கையாலேயே வைத்தேன். இந்தப் பிரிண்டரால் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம் அதுதான். "நல்லெண்ணெய்" இப்போது கண்ணாடி இல்லாமலே படிக்க முடிகிறது.

தீராத எரிச்சல் அந்த வெள்ளைக் கோடு. ப்ளூடூத்தில் அனுப்பும்போது தரவு வந்து சேரத் தாமதமானால் தாளை நகர்த்தும் மோட்டார் நின்று, மறுபடி கிளம்பும். நின்ற இடத்தில் முடி அளவுக்கு ஒரு வெள்ளைக் கோடு. எழுத்துக்கு நடுவே விழுந்தால் "சீரகம்" இரண்டாக வெட்டுப்படும். வரிக்கும் வரிக்கும் இடையே உள்ள வெற்று இடத்தில் படத்தை வெட்டி அனுப்பி அதைச் சமாளித்தேன். ஆனால் கடையின் குத்துவிளக்குப் படம் 240 புள்ளி உயரம், 11,520 பைட். அதில் வெட்ட வெற்று இடம் ஏது? யூஎஸ்பி ஒயர் போட்டால் கோடு வருவதில்லை. ஆனால் அக்கா பில் போடுவது போனில், ப்ளூடூத் வழியாக. எவ்வளவு தரவைப் பிரிண்டர் ஒரே மூச்சில் வாங்கிக்கொள்ளும் என்று கூடவந்த துண்டுச் சீட்டில் ஒரு வரி போட்டிருந்தால், இத்தனை ரோலை நான் வீணாக்கியிருக்க மாட்டேன். கோபம் வருகிறது.

இரண்டரை வருஷத்தில் ஹெட் ஒரு தடவைகூடப் பழுதாகவில்லை, ஒரு புள்ளிகூடச் சாகவில்லை. அதைச் சொல்லாவிட்டால் பாவம். ஆனாலும் நண்பரிடம், "வாங்காதீர்கள்" என்றுதான் சொன்னேன். புது அடாப்டர் போட்டதும் முதலில் அடித்துப் பார்த்தது விளக்குப் படம்தான், திரிக்குக் கீழே அதே கோடு. 576 புள்ளி உள்ள 80 மி.மீ. பிரிண்டராக, ஒயரோடு பார்த்து வாங்கட்டும். அதிலும் மில்லிமீட்டருக்கு 8 புள்ளிதான் என்பதால், நான் வரைந்த 60 பெயரும் அப்படியே பொருந்தும். ஃபைலை இன்று ராத்திரி அனுப்பி வைக்கிறேன்.