காட்டு விலங்கில் ஒட்டுண்ணி தேட: மைக்ராஸ்கோப்பா, பிசிஆரா?

பெங்களூரு பன்னேர்கட்டா காட்டோரத்தில் ஊர் மாடும் மானும் ஒரே புல்லை மேய்கின்றன. மாட்டின் குடற்புழு மானுக்குப் போகிறதா? இங்கே கால்நடை மருத்துவமோ விலங்கியலோ படிக்கும் நம் பிள்ளைகள் ஆய்வுக்கு எடுக்க வேண்டிய கேள்வி இது. மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதா, பிசிஆர் (டிஎன்ஏவைப் பல நகல்களாகப் பெருக்கிக் கண்டுபிடிப்பது) செய்வதா? முறையைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி வெற்றி.

மைக்ராஸ்கோப் மலிவு. சாணத்தையோ புழுக்கையையோ அடர்ந்த உப்புக் கரைசலில் கலக்கினால் முட்டைகள் மிதந்து வரும். முட்டை எண்ணுவதற்கென்றே கட்டம் போட்ட மெக்மாஸ்டர் சிலைடில் ஊற்றினால் ஒரு கிராமுக்கு எத்தனை முட்டை என்று எண்ணிவிடலாம். ஈரல் தட்டைப்புழுவின் முட்டை கனமானது, அதை வண்டலில்தான் தேட வேண்டும். ஆனால் இரத்தம் உறிஞ்சும் ஹீமாங்கஸ் என்ற உருளைப்புழுவின் முட்டையையும் அதன் உறவுக்காரப் புழுக்களின் முட்டையையும் கண்ணால் பிரிப்பது மிகக் கடினம். பெரும்பாலும் 'ஸ்ட்ராங்கைல் வகை' என்று பொதுப்பெயரை எழுதி நிறுத்த வேண்டியதுதான்.

அங்கேதான் மரபணு வகைப்படுத்தல் தேவைப்படுகிறது. ஐடிஎஸ்-2 என்ற டிஎன்ஏ பகுதியை மொத்தமாக வரிசைப்படுத்தினால், கலந்து கிடக்கும் உருளைப்புழுக்களில் எந்த இனம் எந்த விகிதத்தில் இருக்கிறது என்று தெரியும். எத்தனை முட்டை என்பதை அது சொல்லாது. அதனால் இரண்டும் வேண்டும் என்பேன்.

ஜியார்டியா போன்ற ஒற்றைச் செல் உயிரிகளுக்கு என் ஓட்டு நேராகப் பிசிஆருக்குத்தான். அதில் ஏ, பி வகைகள் மனிதருக்கும் வரும். சி, டி பெரும்பாலும் நாய்களுக்கு. ஈ வகை ஆடு மாடு போன்ற குளம்புள்ளவற்றுக்கு. ஒரே ஒரு ஜீனை நம்பி வகை சொல்லிவிடக் கூடாது. ஒரே சாண மாதிரியில் ஒரு ஜீன் ஒரு வகையையும் இன்னொன்று வேறு வகையையும் காட்டுவதுண்டு. அப்புறம், மானிலும் மாட்டிலும் ஒரே வகை கிடைத்தாலும் எது எதற்குக் கொடுத்தது என்று சொல்லிவிட முடியாது. அதற்கு இன்னும் நுணுக்கமான மரபணுக் குறியீடுகள் வேண்டும்.

சாணத்தில் இருக்கும் பித்த உப்பும் தாவரப் பொருள்களும் பிசிஆரைத் தடுக்கும். 'இல்லை' என்று வந்தால் டிஎன்ஏவை நீர்க்கவைத்து மறுபடி ஓட்டிப் பாருங்கள். சிறுத்தை எச்சத்தில் கிடைப்பது அது தின்ற மானின் ஒட்டுண்ணியாகவும் இருக்கலாம். இந்தச் சிக்கல் இரண்டு முறைக்கும் உண்டு.

சரி, காட்டில் என்ன செய்வது? வனத்துறை அனுமதியோடு போகும்போதே ஒவ்வொரு மாதிரியையும் இரண்டாகப் பிரித்துப் போட இரண்டு குப்பிகள் எடுத்துக்கொள்ளுங்கள். ஃபார்மலினில் போட்டது மைக்ராஸ்கோப்புக்கு நன்றாக நிற்கும், ஆனால் அதிலுள்ள டிஎன்ஏ சிதைந்துபோகும். பிசிஆருக்கான பாதியை எத்தனாலில் போடுங்கள்.