ஸ்பாட்டிஃபையில் நார்மலா, லவுடா?

ஸ்பாட்டிஃபை எல்லாப் பாட்டின் வால்யூமையும் சமன்படுத்தினால் தரம் கெட்டுவிடும் என்று பயப்படுகிறவர்கள், செட்டிங்ஸில் எது தேர்வாகியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். 'நார்மல்' -14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அலகு) அளவை நோக்கும். காதைப் பிளக்கும் பாட்டை மொத்தமாகக் குறைப்பதோடு சரி. மிருதங்க அடிக்கும் தம்புராவின் ரீங்காரத்துக்கும் உள்ள இடைவெளி அப்படியே இருக்கும். மெல்லிய பதிவை, அதன் உச்ச ஒலி எல்லையை இடிக்காத வரைதான் ஏற்றும். 'லவுட்' நோக்குவது -11, அதாவது இன்னும் சத்தம். அங்கே மெல்லிய பதிவைத் தூக்கும்போது எல்லை மீறும் உச்சங்களை அமுக்கும் லிமிட்டர் குறுக்கே வரும், அடியின் கூர்மை மழுங்கும். பஸ் இரைச்சலில் அது தெரியாது. வீட்டில் ஹெட்போனோடு உட்கார்ந்தால் என் ஓட்டு நார்மலுக்குத்தான். அப்புறம், ஆல்பத்தை வரிசையாகக் கேட்டால் மொத்தத்துக்கும் ஒரே திருத்தம். மெல்லிய பாட்டு மெல்லியதாகவே வரும்.