பொதுக் காரணி எடுக்க வகுத்தல் முறை: ஆறு வருட அனுபவம்

மாலை டியூஷனில் எட்டு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காரணிப்படுத்துதல் (ஒரு கோவையைப் பெருக்கலாகப் பிரித்து எழுதுவது) சொல்லித்தருகிறேன். முன்பெல்லாம் ஒவ்வொரு உறுப்பையும் முழுசாகப் பிரித்து எழுதி, பொதுவானதை வட்டமிடச் சொல்வேன். ஆறு வருடமாக வகுத்தல் முறைதான். மீச்சிறு பொது மடங்கு (மீ.சி.ம.) காணப் போடுவோமே, அதே கோடு.

12க³ − 18க² + 6க என்று வைத்துக்கொள்வோம். மூன்று உறுப்பையும் ஒரே வரிசையில் எழுதி 2 ஆல் வகுத்தால் 6க³, −9க², 3க. அடுத்து 3 ஆல்: 2க³, −3க², க. பிறகு க ஆல்: 2க², −3க, 1. இடப்பக்கம் நிற்பவற்றைப் பெருக்கினால் 6க, அதுதான் மீப்பெரு பொது வகுத்தி (மீ.பொ.வ.). கடைசி வரிசை அப்படியே அடைப்புக்குள் போகிறது: 6க(2க² − 3க + 1).

அந்த 1 தான் நான் முறையை மாற்றக் காரணம். வட்டமிடும்போது 6க முழுவதும் வட்டத்துக்குள் போய்விடும். மிச்சம் ஒன்றுமில்லை என்று நினைத்து 6க(2க² − 3க) என்று முடித்துவிடுவார்கள். நன்றாகப் படிக்கிற பிள்ளையும் இதில் மதிப்பெண் விட்டதைப் பார்த்திருக்கிறேன், மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். வகுத்தலில் 1 தன் இடத்தில் எழுதப்பட்டு நிற்கிறது, காணாமல் போக வழியில்லை.

ஆனால் புதிதாக ஒரு தப்பு வந்தது. மீ.சி.ம. பழக்கத்தில், இரண்டு உறுப்பு வகுபட்டாலே போதும் என்று 2க², −3க இரண்டையும் க ஆல் வகுத்து, 1ஐ அப்படியே கீழே இறக்கிவிடுகிறார்கள். இங்கே எல்லா உறுப்பும் வகுபட வேண்டும். இதை முதல் நாளே அழுத்திச் சொல்லாவிட்டால் ஒரு வாரம் வீண்.

முதல் உறுப்பு குறை எண்ணாக இருந்தால் −1ஐயும் வகுத்துவிடச் சொல்கிறேன், குறிகள் தாமாகவே மாறிவிடும். க(க + 3) − 5(க + 3) மாதிரிக் கணக்கில் க + 3ஐ ஒரே பொருளாகப் பார்க்கவும் இது உதவியது. வகுத்தால் மிச்சம் க, −5.

கெழுக்கள் (எழுத்துக்கு முன் நிற்கும் எண்கள்) 221, 323 என்று வந்தால் இந்த முறை திணறுகிறது. 17 இரண்டையும் வகுக்கும் என்று யாருக்குச் சட்டென்று தோன்றும்? அப்போது யூக்ளிட் வழிதான் கைகொடுக்கிறது: பெரிய எண்ணைச் சிறியதால் வகுத்து, வரும் மீதியால் சிறியதை வகுத்து, மீதி இல்லாமல் போகும்வரை தொடர்வது. 323 − 221 = 102; 221ஐ 102 ஆல் வகுத்தால் மீதி 17; 17 ஆல் 102 மீதியின்றி வகுபடும்.

பொது எடுத்த பிறகு அடைப்புக்குள் இன்னொரு முறை பார்க்கச் சொல்வேன். மேலே உள்ள கணக்கு 6க(2க − 1)(க − 1) வரை போகும்.