பிக்கப்புக்கு மாற்று டீசல் என்ஜின்: கம்மின்ஸ் 4பிடி குறித்து ஒரு மதிப்பீடு

பிக்கப்பின் பெட்ரோல் என்ஜினை இறக்கிவிட்டு டீசல் என்ஜின் ஏற்ற நினைப்பவர்களின் பட்டியலில் அமெரிக்க என்ஜின் நிறுவனமான கம்மின்ஸின் 4பிடி எப்போதும் முன்வரிசையில் இருக்கும். 3.9 லிட்டர் கொள்ளளவும் நான்கு சிலிண்டர்களும் கொண்ட இந்த என்ஜின், 1989 மாடல் முதல் டாட்ஜ் ராம் பிக்கப்புகளில் வந்த 5.9 லிட்டர் 6பிடியின் தம்பி. இரண்டிலும் சிலிண்டர் விட்டம் 102 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓட்டம் 120 மில்லிமீட்டர் என்பதால் உள்பாகங்கள் பலவும் பொதுவானவை. அவை இன்றும் தட்டுப்பாடின்றிக் கிடைக்கின்றன. என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது வாங்கத் தகுந்த என்ஜின்தான்; ஆனால் கியர்பாக்ஸையும் கிரவுன் விகிதத்தையும் (ஆக்சிலுக்குள் சக்கரத்தின் வேகத்தைக் குறைக்கும் கடைசிப் பல்சக்கர விகிதம்) முன் ஆக்சிலையும் கணக்கில் கொள்ளாமல் என்ஜினை மட்டும் பார்த்து வாங்குபவருக்கு இது ஏமாற்றத்தையே தரும்.

பழைய விநியோக வேன்களில் இருந்து கழற்றப்படும் 4பிடியின் அறிவிக்கப்பட்ட திறன் 105 குதிரைத்திறன்தான். அந்த எண்ணைக் கண்டு தயங்குபவர்கள், நிமிடத்துக்கு 1600 சுற்றிலேயே ஏறக்குறைய 360 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை கிடைப்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பாரம் ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறும் வண்டிக்கு 5000 சுற்றில் கிடைக்கும் திறனைவிட இதுதான் பயன்படும். வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டைப் பல்சக்கரங்களே இயக்குகின்றன. அறுந்துபோவதற்கு டைமிங் பெல்ட் கிடையாது. எரிபொருள் பம்ப் பெரும்பாலும் போஷ் நிறுவனத்தின் விஇ வகையைச் சேர்ந்தது. முழுக்க இயந்திர முறையில் இயங்குவது. என்ஜின் ஓட அதற்குத் தேவையான மின்சாரம், டீசலைத் திறந்து மூடும் சொலினாய்டுக்குச் செல்லும் ஒற்றை ஒயர் மட்டுமே. கணினிப் பெட்டி, சென்சார்கள், திருட்டுத் தடுப்புப் பூட்டு ஆகிய எதையும் பிக்கப்பின் ஒயரிங்கோடு இணைக்கும் வேலை இல்லை. என்ஜின் மாற்றும் பணிகள் பாதியில் நின்றுபோவதற்கு ஒயரிங் பெரிய காரணமாக இருப்பதால், இந்த எளிமையை நான் மிகவும் மதிக்கிறேன்.

கியர் விகிதத்துக்குத்தான் அதிகக் கவனம் தேவை. தொழிற்சாலை அமைப்பில் இந்த என்ஜினின் கவர்னர் (வேகத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பு), 2500 முதல் 2800 சுற்றுக்குள் டீசலைக் குறைத்துவிடும். உங்கள் பிக்கப்பின் டயர் விட்டம் 76 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 700 முறை சுற்றும். பெட்ரோல் பிக்கப்புகளில் பரவலாகக் காணப்படும் 4.10 கிரவுனும், டாப் கியரில் 1:1 நேர் விகிதம் தரும் கியர்பாக்ஸும் இருந்தால், அந்த வேகத்துக்கு என்ஜின் 2860 சுற்றில் ஓட வேண்டும். அதாவது, அந்த வேகத்தை எட்டுவதற்கு முன்பே கவர்னர் குறுக்கே வந்துவிடும். அதே வண்டியில் 0.75 விகிதமுள்ள ஓவர்டிரைவ் கியர்பாக்ஸை, அதாவது டாப் கியரில் என்ஜினைவிட வேகமாகச் சுற்றுவதைப் பொருத்தினால் தேவைப்படும் சுற்று ஏறக்குறைய 2150 ஆகக் குறையும்; கியர்பாக்ஸை மாற்றாமல் கிரவுனை 3.31 ஆக்கினால் 2310 ஆகும். இரண்டையும் ஒருசேர மாற்றினால் 1730 வரை இறங்கிவிடும். சமதளச் சாலையில் வெறும் வண்டிக்கு அது சரி, பாரம் இழுப்பவர் மேடு வரும்போதெல்லாம் கியரைக் குறைக்க வேண்டியிருக்கும். என்னைக் கேட்டால், முதலில் ஓவர்டிரைவ் கியர்பாக்ஸுக்கே செலவு செய்யுங்கள் என்பேன். கவர்னர் ஸ்பிரிங்கை மாற்றி உச்சச் சுற்றை உயர்த்துவதும் நடைமுறையில் உள்ளதுதான். ஆனால் மெதுவாகச் சுற்றிப் பாரம் இழுப்பதற்கென்றே வடிவமைக்கப்பட்ட என்ஜினை நாள் முழுவதும் 3000 சுற்றில் ஓட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

எடையும் அதிர்வும் இந்த என்ஜினின் உண்மையான குறைகள். டீசலும் ஆயிலும் ஊற்றாத நிலையிலேயே இதன் எடை ஏறத்தாழ 340 கிலோ. நடுத்தர பிக்கப்பில் இருந்து இறங்கும் நான்கு சிலிண்டர் பெட்ரோல் என்ஜினைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. முன் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், முன் ஆக்சிலின் அனுமதிக்கப்பட்ட பாரம், பிரேக் என அனைத்தையும் மறுபரிசீலனை செய்யாமல் இதை ஏற்றுவது பாதுகாப்பானதல்ல. உயரமும் ஒரு மீட்டரை நெருங்குவதால், பானெட் மூடுமா என்பதையும், நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டியில் ஆயில் சம்ப் முன் டிஃபரன்ஷியலில் இடிக்குமா என்பதையும் அளந்து பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும். நேர்வரிசை நான்கு சிலிண்டர் அமைப்பில் கிராங்க் ஒரு சுற்று சுற்றும்போது இரண்டு முறை எழும் அதிர்வு இயல்பாகவே சமன் ஆவதில்லை; அதைத் தணிக்கும் பேலன்ஸ் ஷாஃப்டும் இதில் இல்லை. பெரிய பிஸ்டன்களின் எடையும் சேர்ந்துகொள்வதால், ஐட்லில் நிற்கும்போது கண்ணாடியில் தெரியும் உருவமே நடுங்கும். தரமான ரப்பர் மவுன்டுகள் இதைக் கணிசமாகக் குறைக்கும், முற்றிலும் நீக்காது. தினமும் நெடுந்தூரம் குடும்பத்தோடு பயணம் செய்பவர் இதை முன்கூட்டியே மனத்தில் கொள்ள வேண்டும்.

பழைய என்ஜினைப் பார்வையிடும்போது முதலில் முன்பக்க கியர் உறையில் உள்ள தகட்டைத் தேடுங்கள். அதில் பொறிக்கப்பட்டிருக்கும் சிபிஎல் எண்தான் எந்தப் பிஸ்டன், எந்த டர்போ, எந்தப் பம்ப் அமைப்போடு அந்த என்ஜின் தொழிற்சாலையை விட்டு வெளியேறியது என்பதைச் சொல்லும். ஜெனரேட்டரில் இருந்து வந்ததாக இருந்தால் கவர்னர் ஒரே வேகத்துக்கு அமைக்கப்பட்டிருக்கும். ஸ்டார்ட்டரும் 24 வோல்ட்டாக இருக்கக்கூடும். அடுத்து, என்ஜினைச் சூடாகும்வரை ஓடவிட்டு, ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, அதைத் தலைகீழாக அந்த வாயின் மேலேயே வைத்துப் பாருங்கள். மூடி லேசாக அதிர்ந்தபடி அங்கேயே இருந்தால் நல்லது; புகை பீறிட்டு மூடியைத் தள்ளிவிட்டால் பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்துவிட்டன என்று கொள்ளலாம். இந்த வரிசையில் தனியாகச் செருகப்பட்ட லைனர் கிடையாது; பிளாக்கிலேயே துளை குடையப்பட்டிருப்பதால், சிலிண்டர் தேய்ந்திருந்தால் போரிங் செலவு தவிர்க்க முடியாதது. கியர் உறையைப் பிளாக்கோடு நேராகப் பொருத்த வைக்கப்பட்டுள்ள சிறிய எஃகு முளை, அதிர்வில் மெல்ல நழுவி டைமிங் பல்சக்கரங்களுக்கிடையே விழுந்துவிடும் ஆபத்து 4பிடி, 6பிடி இரண்டிலும் உண்டு. முளையின் வாயை மறைத்துச் சிறிய தகடு ஒன்றை போல்ட்டால் இறுக்கிவிட்டால் தீர்ந்தது. என்ஜின் தரையில் இருக்கும்போதே இந்த வேலையை முடித்துவிடுவது அறிவுடைமை. ஏற்றிய பிறகு ரேடியேட்டரையும் முன்பகுதியையும் கழற்ற வேண்டியிருக்கும்.

மற்ற என்ஜின்களோடு ஒப்பிடும்போது, முழு அளவு பிக்கப் வைத்திருப்பவருக்கு நான் 6பிடியைத்தான் பரிந்துரைப்பேன். அதன் ஏறக்குறைய 500 கிலோ எடையைத் தாங்கும் ஆக்சிலும், நீளத்துக்கேற்ற இடமும் இருந்தால் போதும்; நேர்வரிசை ஆறு சிலிண்டர் தன் அதிர்வைத் தானே சமன் செய்துகொள்ளும். 4பிடியின் பெரிய குறை அங்கே இல்லை. 1994 முதல் 1998 வரையிலான 12 வால்வு வடிவத்தில் வரும் போஷ் பி7100 பம்ப், என்ஜின் ஆயிலாலேயே மசகு பெறுகிறது. விஇ பம்ப் தன்னுள் ஓடும் டீசலையே மசகுக்கு நம்பியிருப்பதால், தரம் குறைந்த டீசல் கிடைக்கும் இடங்களில் இந்த வேறுபாடு முக்கியமானது. நடுத்தர பிக்கப்புக்கு, கம்மின்ஸே என்ஜின் மாற்றத்துக்கென்று விற்பனைக்குக் கொண்டுவந்த ஆர்2.8 பல வகையிலும் பொருத்தமானது: 161 குதிரைத்திறன், சுமார் 420 நியூட்டன் மீட்டர், 228 கிலோ எடை. பொதுக் குழாயில் உயர் அழுத்தத்தில் வைத்த டீசலை மின்னணு முறையில் பீய்ச்சும் காமன் ரெயில் அமைப்பு என்பதால் கணினி அவசியம்; ஆனால் அதற்குரிய ஒயரிங்கும் ஆக்சிலரேட்டர் பெடலும் சேர்ந்தே வந்ததால் வேலை கடினமாக இல்லை. அதன் விலைக்கு ஒரு பழைய 4பிடியையும் கியர்பாக்ஸையும் வாங்கிவிடலாம் என்பதே எதிர்வாதம். மெர்சிடிஸின் ஐந்து சிலிண்டர் ஓஎம்617, உழைப்பில் குறை சொல்ல முடியாதது. ஆனாலும் டர்போவோடு சுமார் 125 குதிரைத்திறன் வரையே தருவது. அதன் முறுக்குவிசையும் 4பிடிக்கு ஈடாகாது. சிறிய பிக்கப்புக்குப் போதும், பாரம் இழுக்கப் போதாது.

எந்த டீசலை ஏற்றினாலும் பிரேக்கை மறக்கக் கூடாது. டீசல் என்ஜினில் திராட்டில் வால்வு உருவாக்கும் வெற்றிடம் இல்லாததால், பெடல் அழுத்தத்தைப் பெருக்கும் பெட்ரோல் வண்டியின் பிரேக் பூஸ்டர் தனி வேக்குவம் பம்ப் இன்றி வேலை செய்யாது. டேங்கை முழுமையாகக் கழுவி, உபரி டீசல் திரும்பி வரும் குழாயும், தண்ணீரைப் பிரிக்கும் ஃபில்டரும் பொருத்த வேண்டும். பதிவுச் சான்றில் எரிபொருள் மாற்றம் அனுமதிக்கப்படுமா, வண்டியின் ஆண்டுக்குரிய புகை வரம்பை இந்த என்ஜின் தாண்டாதா என்பதை உரிய அலுவலகத்தில் எழுத்துமூலமாகக் கேட்டறிந்த பின்பே முன்பணம் தருவது நல்லது. விற்பவர் என்ஜினை மட்டும் தனியாகக் கொடுக்க முன்வந்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பிளைவீல், அதன் உறை, பெல் ஹவுசிங், ஸ்டார்ட்டர், மவுன்ட் பிராக்கெட்டுகள், டர்போவில் இருந்து வெளியேறும் எல்போ, ஆல்டர்னேட்டர், வேனில் இருந்திருந்தால் அந்த வேக்குவம் பம்ப் ஆகியவற்றையும் சேர்த்தே விலை பேசுங்கள். இவற்றைப் பின்னர் ஒவ்வொன்றாகத் தேடி வாங்கும் செலவு, தனி என்ஜினின் விலைக்கு அருகில் வந்து நிற்கும்.