அருமனைப் பக்கத்து ரப்பர் ஷீட் கடை: விற்பவர் பக்கம் திரும்பிய தராசு

கன்னியாகுமரி மாவட்டத்தில் அரை ஏக்கரோ ஒரு ஏக்கரோ ரப்பர் வைத்திருக்கும் சிறு விவசாயிக்கு, ரப்பர் பாலை உறையவைத்துத் தகடாக்கிக் காயவைத்த ஷீட்டை எந்தக் கடையில் போடுவது என்பது பெரிய கேள்வி. உரம், மழைக்காப்பு பிளாஸ்டிக், பாலை உறையவைக்கும் ஆசிட், பால் வெட்டுக்காரர் கூலி என்று செலவெல்லாம் நம் கண்முன்னே நடக்கிறது. வரவோ, கடைக்காரர் ஷீட்டைத் தூக்கிப் பார்த்து ஒரு விலையும், தராசில் வைத்து ஓர் எடையும் சொல்லும் அந்த ஐந்து நிமிடத்தில் முடிவாகிவிடுகிறது. அந்த இரண்டு சொல்லையும் சரிபார்க்க நம்மில் பலருக்கு வழியே இருப்பதில்லை. அதனால்தான், அருமனையைத் தாண்டிக் கடையாலுமூடு பக்கம், கேரள எல்லைக்கு மிக அருகில் இருக்கும் ஒரு ரப்பர் கடையைப் பற்றி விரிவாக எழுத விரும்புகிறேன். கடையின் பெயரைப் போட வேண்டாம் என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டார். வலதுகை செய்வதை இடதுகை அறியாதிருக்க வேண்டும் என்ற இயேசுவின் வார்த்தையை அவர் தருமத்துக்கு மட்டுமல்லாமல் விளம்பரத்துக்கும் பொருத்திப் பார்க்கிறார்; நான் அதை மதிக்கிறேன். அந்தப் பக்கத்தார் அடையாளங்களை வைத்தே கண்டுகொள்வார்கள்.

முதலில் தராசு. கடையில் இருப்பது சாதாரண மின்னணுத் தராசுதான். ஆனால் எண் தெரியும் பலகை கடைக்காரரின் மேசையைப் பார்த்து இல்லாமல், விற்க வந்தவர் நிற்கும் இடத்தைப் பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டிருக்கிறது. ஷீட்டை வைப்பதற்கு முன் பலகையில் பூச்சியம் இருக்கிறதா என்று நம்மையே பார்க்கச் சொல்கிறார்கள். பக்கத்தில் ஐந்து கிலோ இரும்பு எடைக்கல் ஒன்று எப்போதும் இருக்கும். சந்தேகம் உள்ளவர் யாரிடமும் கேட்காமல் அதை எடுத்து வைத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம். மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒருமுறை அரசு முத்திரை வாங்க வேண்டும் என்பது சட்டம். அந்தச் சான்றிதழ் சுவரில் கண்ணுக்குத் தெரியும் உயரத்தில் மாட்டப்பட்டிருக்கிறது, தேதியும் நடப்பில் உள்ளது. நூறு, இருநூறு கிராம் என்று வரும் சில்லறை எடையை இங்கே தள்ளுவதில்லை. நான் முன்பு ஷீட் போட்டுவந்த வேறொரு கடையில் கிராம் கணக்கு எப்போதும் கீழ்நோக்கியே முழுமையாக்கப்படும். அது போக ஈரக் கழிவு என்று இன்னொரு தொகை போகும், அது எவ்வளவு என்று பில்லில் இருக்காது.

"கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது, சுமுத்திரையான நிறைகல்லோ அவருக்குப் பிரியம்" என்று நீதிமொழிகள் 11-ஆம் அதிகாரத்தின் முதல் வசனம் சொல்கிறது. லேவியராகமம் 19-ஆம் அதிகாரம் அளவிலும் நிறையிலும் அநியாயம் செய்யாதே என்கிறது. பையிலே பெரிதும் சிறிதுமாக இரண்டு வகை நிறைகல் வைத்திருக்காதே என்று உபாகமம் 25-ஆம் அதிகாரம் எச்சரிக்கிறது. இவ்வளவு சாதாரணமான, கடைத்தெருவில் நடக்கிற ஒரு காரியத்தைக் கர்த்தர் தம் நியாயப்பிரமாணத்தில் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். ஆனாலும் நம் சபைகளில் தராசைப் பற்றிய பிரசங்கத்தை நான் அரிதாகவே கேட்டிருக்கிறேன். 1806-இல் லண்டன் மிஷன் ஊழியர் ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்த நாள் முதல் இரண்டு நூற்றாண்டுக்கு மேலாகச் சீர்திருத்தத் திருச்சபை வேரூன்றிய மாவட்டம் இது. 2011 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 47 விழுக்காட்டினர் கிறிஸ்தவர்கள். அப்படிப்பட்ட மண்ணில் நேரான தராசு வைத்திருக்கும் கடையைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருப்பது எனக்கு வேதனையாகவே இருக்கிறது.

அடுத்தது தரம் பிரித்தல். இந்தக் கடையின் அருமை முழுமையாகத் தெரிவது இங்கேதான். புகையூட்டிய ஷீட்டை ஆர்.எஸ்.எஸ். (Ribbed Smoked Sheet) 1 முதல் 5 வரை தரம் பிரிப்பது தொழில்முறை; 1 தான் உயர்ந்த தரம். பல கடைகளில் சிறு விவசாயியின் ஷீட்டை மொத்தமாக ஒரே விலைக்கு எடுத்துக்கொண்டு, பின்னால் தாங்களே தரம் பிரித்து, கூடுதல் விலை கிடைக்கும் ஷீட்டின் இலாபத்தை வைத்துக்கொள்கிறார்கள். இங்கே வாசலுக்கு அருகே வெளிச்சம் விழும் இடத்தில் ஒவ்வொரு ஷீட்டையும் விரித்துத் தூக்கிப் பிடிக்கிறார்கள். நன்றாகக் காய்ந்த ஷீட் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் தேன் நிறத்தில் மறுபக்கம் தெரியும். காயாத இடம் வெள்ளைத் திட்டாக நிற்கும். ஆசிட் அளவு தவறியதாலோ பாலைச் சரியாக அரிக்காததாலோ வந்த குமிழியும் தூசியும் அப்போதே கண்ணில் படும். திட்டு எங்கே இருக்கிறது என்று விரலால் தொட்டுக் காட்டிய பிறகுதான் அந்த ஷீட்டை இரண்டாவது அடுக்கில் போடுகிறார்கள். புகைப்புரையில் இன்னும் ஒரு நாள் போட்டுக் கொண்டுவந்தால் நாலாம் தரத்துக்கு வரும் என்று சொல்லி ஷீட்டைத் திருப்பிக் கொடுத்ததையும் பார்த்தேன். வாங்கிக்கொண்டிருந்தால் கடைக்காரருக்குத்தான் இலாபம். ரப்பர் வியாபாரத்துக்கு அளவுகோலாக இருக்கும் கேரளத்துக் கோட்டயம் சந்தையின் அன்றைய விலை ஒரு கரும்பலகையில் சுண்ணாம்புக்கட்டியால் எழுதப்பட்டிருக்கிறது. அதற்குக் கீழே கடையின் விலையும், இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம் வண்டி வாடகைக்கும் கூலிக்கும் எவ்வளவு போகிறது என்பதும் எழுதியிருக்கிறது. இதை எழுதிப் போடச் சொல்லி எந்தச் சட்டமும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை.

தராசை விற்பவர் பக்கம் திருப்பி வைத்ததால் நட்டம் இல்லையா என்று உரிமையாளரிடம் கேட்டேன். ஐம்பதைக் கடந்தவர், பக்கத்துச் சபையில் சாதாரண அங்கத்தினர். "நட்டம் உண்டு அண்ணே. தொடக்கத்துல ரெம்ப கஷ்டப்பட்டேன். மத்த கடையில கிலோவுக்கு ரெண்டு ரூபா கூட்டிச் சொல்லுவாங்க, தூக்கத்துல (எடையில) எடுத்துக்கிடுவாங்க. ஆளுக விலையத்தான பாப்பாங்க, அங்க போயிருவாங்க. அதுக்காக நான் தராசத் திருப்பி வைக்க முடியுமா?" என்றார்.

பதிலில் எனக்குப் பிடித்தது, கர்த்தர் அதை இரட்டிப்பாகத் திருப்பித் தந்தார் என்று அவர் சொல்லவில்லை என்பதுதான். வேதத்தின்படி நடந்தால் வியாபாரம் பெருகும் என்ற போதகத்தை இந்தப் பகுதியில் நிறையக் கேட்கிறோம். அந்தக் கண்ணோட்டத்தோடு இந்தக் கடைக்குப் போகிறவருக்கு ஏமாற்றமே மிஞ்சும். இன்றும் தகரக் கூரை, ஒரே ஒரு சரக்கு ஆட்டோ, உதவிக்கு மூன்று பேர். 2011-இல் கிலோ 240 ரூபாய் வரை போன ரப்பர் 2016-இன் தொடக்கத்தில் நூறு ரூபாய்க்கும் கீழே விழுந்தது. அந்த ஆண்டுகளில் இந்தச் சாலையில் சில கடைகள் மூடப்பட்டன, பல தோட்டங்களில் பால் வெட்டையே நிறுத்தினார்கள். அப்போதும் இந்தக் கடையில் எடை அப்படியேதான் இருந்தது என்று பழைய வாடிக்கையாளர்கள் சொல்கிறார்கள். தானியேல் புத்தகத்தில், ராஜாவின் சிலையை வணங்க மறுத்து அக்கினிச் சூளைக்கு முன் நின்ற மூன்று வாலிபர்கள் தங்கள் தேவன் தங்களை விடுவிக்க வல்லவர் என்றார்கள். அதோடு நிறுத்தாமல், "விடுவிக்காமற்போனாலும்" என்று ராஜாவுக்குப் பதில் சொன்னார்கள். விலை நூறுக்குக் கீழே கிடந்த காலத்தில் கிராம் கணக்கைக் குறைக்காமல் இருந்தவருக்கு அந்த இரண்டாவது சொல் பொருந்தும். "உன் சுயபுத்தியின்மேல் சாயாமல், உன் முழு இருதயத்தோடும் கர்த்தரில் நம்பிக்கையாயிருந்து" என்பது நம் வீட்டுச் சுவர் நாட்காட்டிகளில் அதிகம் காணப்படும் வசனம். சுயபுத்தி என்ன சொல்லும்? எல்லாரும் செய்வதைச் செய், இல்லாவிட்டால் நிலைக்க மாட்டாய் என்று சொல்லும். வியாபாரக் கணக்கில் அது தவறான ஆலோசனையும் அல்ல. அதைக் கேட்டுவிட்டும் அதன்மேல் சாயாமல் இருப்பதற்குத்தான் விசுவாசம் தேவைப்படுகிறது.

ஒரு காட்சியைச் சொல்ல வேண்டும். நான் நின்றுகொண்டிருந்தபோது, பதினைந்து பதினாறு வயதுப் பையன் ஒருவன் ஒரு சாக்கு ஒட்டுப்பாலோடு வந்தான். வெட்டுக் காயத்திலும் சிரட்டையிலும் உறைந்து கிடக்கும் ஒட்டுப்பால், ஷீட்டைவிடக் குறைந்த விலைக்குப் போனாலும் எளிதில் களவு போகிற சரக்கு. உரிமையாளர் சாக்கைத் தொடாமல், "மக்களே, இது யாருக்க விளையில உள்ளது?" என்று கேட்டார். பையன் ஒரு பெயரைச் சொன்னான். "அப்பிடியா, அவருட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு எடுக்கேன், இரு" என்று சொல்லித் தொலைபேசியை எடுத்தார். பையன் சாக்கைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டான். அவர் பின்னால் கூப்பிட்டு, வேலை வேண்டுமானால் சனிக்கிழமை ஷீட் அடுக்க வா என்றார். வருவானா என்று கேட்டதற்கு, தெரியாது என்றுதான் சொன்னார். அடுத்த கடையில் அந்தச் சாக்கு விலைபோயிருக்கும் என்பது அவருக்கும் எனக்கும் தெரிந்ததே.

எல்லைப் பகுதி வியாபாரத்தில் இன்னொரு சோதனை பில். அருமனையில் வெட்டிய பால் நெடுமங்காட்டுக்கோ கோட்டயத்துக்கோ போய்ச் சேரும் வழியில், பில் இல்லாமல் கைமாறும் சரக்கு எவ்வளவோ உண்டு. ரப்பருக்கு ஐந்து விழுக்காடு ஜி.எஸ்.டி. என்பதால் அந்த ஐந்தை மிச்சம் பிடிக்க ஆசை வருவது இயல்பு. இந்தக் கடையில் ஐந்து கிலோவானாலும் எடை, தரம், விலை மூன்றும் எழுதிய சீட்டு கிடைக்கும், பணம் வங்கிக் கணக்குக்கே வரும். இராயனுடையதை இராயனுக்குச் செலுத்துங்கள் என்ற வசனத்துக்கு இதைவிட நேரான விளக்கவுரை எனக்குத் தெரியாது. ஷீட் அடுக்கும் தொழிலாளர்களுக்குக் கூலி அன்றன்று மாலை கடை அடைக்கும் முன் கொடுக்கப்படுகிறது. விடியும்வரை கூலியை வைத்திருக்கலாகாது என்ற கட்டளையை அவர் அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை கடை இல்லை. வாரம் முழுவதும் வெளியூரில் வேலை பார்த்துவிட்டு ஞாயிறன்று மட்டும் வீட்டிலிருப்பவர்களுக்கு இது உண்மையான சிரமம். அதற்காகச் சனிக்கிழமை இரவு எட்டு மணி வரை திறந்து வைக்கிறார். ஆறாம் நாளில் இரண்டு நாளுக்கான மன்னாவைச் சேர்க்கச் சொன்ன கர்த்தர், ஏழாம் நாளில் வெளியே போனவர்களுக்கு ஒன்றும் அகப்படாமல் செய்தார் என்று யாத்திராகமம் 16-இல் வாசிக்கிறோம். ஓய்வுநாளைப் பற்றிச் சபைகளுக்குள் பலவிதமான கருத்துகள் உண்டு. அந்த வாதத்துக்குள் நான் போகவில்லை. அந்த ஒரு நாள் விற்பனையை விட்டுக்கொடுத்துவிட்டு அவர் கவலையின்றி ஆராதனையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன், அவ்வளவே.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு ஷீட்டையும் விரித்துப் பார்ப்பதால் நேரம் ஆகிறது. சனிக்கிழமை மாலையில் போனால் ஒரு மணி நேரம் காத்திருக்க நேரிடும், உட்கார ஒரு பெஞ்சுதான். கெட்டுப்போன ஷீட்டைச் சலுகை விலைக்கு எடுக்க மாட்டார், இரக்கம் காட்டச் சொல்லிக் கேட்டாலும். இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு: முன்பணம் கொடுப்பதில்லை. முன்பணம் வாங்கிய விவசாயி பிறகு அந்தக் கடைக்கே அடிமைப்பட்டு, சொன்ன விலைக்கு ஷீட் போட வேண்டியிருக்கிறது, அந்தக் கட்டுக்குள் யாரையும் கொண்டுவர மனதில்லை என்பது அவர் தரப்பு. நியாயமான அச்சம்தான். ஆனாலும் இதில் எனக்கு அவரோடு உடன்பாடு இல்லை. ஜூன் மழையிலும் ஐப்பசி மழையிலும் வாரக்கணக்கில் வெட்டு நின்றுபோகும்போது, வெட்டுக்காரர் வீட்டில் அடுப்பெரிய சிறு கடன் தேவைப்படுகிறது. ஏழைச் சகோதரனுக்கு உன் கையைத் தாராளமாய்த் திறந்து கடன்கொடு என்ற உபாகமம் 15-ஆம் அதிகாரமும் கட்டளைதான். அடிமைப்படுத்தாமல், வட்டியில்லாமல், ஷீட்டை எங்கே போட்டாலும் சரி என்று சொல்லிக் கொடுக்க முடியுமே. இதை அவரிடமே சொன்னேன். ஜெபித்து யோசிக்கிறேன் என்றார். மறுப்பதற்கு நாகரிகமான வழியாக அதைச் சொல்கிற ஆள் அவர் அல்ல என்பதால் நம்பிக்கையோடு இருக்கிறேன்.

விலையைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: பலகையில் எழுதிய விலை மற்ற கடைகளைவிடக் கிலோவுக்கு ஒன்றிரண்டு ரூபாய் குறைவாகத் தோன்றும். எடையும் தரமும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் என் கைக்கு வந்த தொகை முன்பைவிடக் கூடுதலாகவே இருந்தது. 2024 ஆகஸ்டில் விலை மீண்டும் 240-ஐத் தாண்டியபோது, இன்னும் ஏறும் என்று ஷீட்டை அடுக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தவர்கள் பலர். எப்போது விற்கலாம் என்று கேட்டால் இந்தக் கடையில் ஆரூடம் கிடைக்காது. நாளைக்கு நடப்பது நமக்குத் தெரியாது என்று யாக்கோபு வியாபாரிகளுக்கு எழுதியதைத்தான் அவரும் சொல்வார்.

போகிறவர்கள் ஷீட்டை முழுமையாகக் காயவைத்து, தூசி தட்டி, முந்தின மழைக்காலத்துப் பூஞ்சை பிடித்ததைத் தனியாகப் பிரித்து எடுத்துப் போங்கள். முதல்முறை என்றால் வங்கிக் கணக்குப் புத்தகமும் வேண்டும். திங்கள் முதல் வெள்ளி வரை காலை எட்டரைக்குத் திறந்து மாலை ஆறுக்கு அடைக்கிறார்கள். புதன்கிழமை காலையில் கூட்டம் குறைவு.